செயப்பாட்டு வினை

மேயர் வேட்பாளர் ழிஸ்லேன் கார்ப்பாயின்
துண்டறிக்கையைத் தமிழில் தரச்சொல்லி
நாற்பது யூரோ கொடுத்தார்கள்.
முன்பக்கம் பிரெஞ்சு. பின்பக்கம் நான்.
சேந்த்-ஆந்த்ரேயில் இதை வாசிக்கக்கூடியவர்களை
இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம்,
ஒரு கட்டைவிரல் மிஞ்சும்.
"பரவாயில்லை, பார்க்க அழகாக இருக்கும்" என்றான்
பிரசாரத்தைக் கவனிக்கும் பையன்.
"பக்கத்தில் ஒரு கோபுரம் போடுகிறோம்."

காரைக்காலில் பிறந்தவள் நான்.
அப்பா வழியில் வந்தது குடியுரிமை;
ஆகவே எனக்கும் ஓட்டு உண்டு.
கார்ப்பாய் என்றால் கருப்பாயி என்று எனக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியுமா, தெரியாது.
துறைமுகத்துக் குமாஸ்தா எவனோ
காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்.

முதலில் தண்ணீர்.
மழை பெய்தால் எங்கள் குழாயில் தேநீர் வரும்,
சர்க்கரை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.
"கலங்கல் நீர் கவனத்தில் கொள்ளப்படும்."
எழுதினேன்.
சந்தைக்குப் பின்னால் கூட்டமாய்த் திரியும் நாய்கள்
"கட்டுப்படுத்தப்படும்."
பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு
"பரிசீலிக்கப்படும்."
ஓடையின் தரைப்பாலம்
"உரிய காலத்தில் உயர்த்தப்படும்."

படும், படும், படும்.
பட்டுக்கொண்டேதான் இருக்கிறது ஊர்.
யாரால் என்றுதான் இல்லை.

போன் போட்டேன்.
பாலத்தை யார் உயர்த்துவார்கள்?
"நகராட்சி."
நகராட்சி என்றால் யார்?
மறுமுனையில் தட்டும் கரண்டியும் பேசிக்கொண்டன.
"மேடம், காதுக்கு நன்றாக இருப்பதைப் போடுங்கள்."

என் காதுக்கு நன்றாக இருப்பது தன்மை ஒருமை.
வினையின் வாலிலேயே ஆள் நிற்கும் மொழி இது.
நள்ளிரவுக்கு மேல் அடித்துத் திருத்தினேன்:
தரைப்பாலத்தை உயர்த்துவேன்.
அடுத்த புயல் பருவத்துக்குள் உயர்த்துவேன்.
தேதி அவர்கள் தந்ததல்ல. அது என் குற்றம்.
நாய்களை அப்படியே விட்டுவிட்டேன்,
தூக்கம் வந்துவிட்டது.

ஷாம்-போர்ன் விளையாட்டு அரங்கில் கூட்டம்.
சமூசா, ஆரஞ்சுச் சாறு, மடக்கு நாற்காலிகள்.
கரும்பு லாரி ஓட்டும் எமில் வெலாயுதோம் எழுந்தான்.
என் சனிக்கிழமை வகுப்பில்
ரகரத்தோடும் றகரத்தோடும்
இன்னும் சண்டை தீராதவன்.
ஜனவரி வெள்ளத்தில் தரைப்பாலத்துக்கு
இந்தப் பக்கம் அவன்,
அந்தப் பக்கம் காய்ச்சலில் மகள்,
நடுவே ஓர் இரவு முழுக்கத் தண்ணீர்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பிடித்தான்.
விரல் வைத்து
உ
ய
ர்
த்து
வே
ன்
சுமையோடு லாரி மேடேறுவதுபோல ஏறினான்.
பிறகு கிரியோலில் கேட்டான்:
"இங்கே நீங்களே செய்வதாக இருக்கிறது,
அடுத்த புயலுக்குள்.
முன்பக்கத்தில் அப்படி இல்லை.
எந்தப் பக்கத்துக்கு நான் ஓட்டுப் போட?"

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.
பிரசாரப் பையன் கூட்டத்தில் என்னைத் தேடினான்,
நான் சமூசாவைத் தேடினேன்.
ழிஸ்லேன் இறங்கி வந்து
தாளை வாங்கிப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.
மைக்கைக் கையால் மூடிக்கொண்டு
"இதில் என் பெயர் எது?" என்றார்.
எமில் தொட்டுக் காட்டினான்.
கருப்பாயி என்றுதான் எழுதியிருந்தேன்.

அவர் மேடைக்குத் திரும்பி
மைக்கை வாயருகே கொண்டுபோகும்போது
தகரக் கூரையில் மழை விழுந்தது,
ஒரு லாரிச் சரளையைக் கொட்டியதுபோல.
பாதிப் பேர் எழுந்து சாவியைத் தேடினார்கள்.

அவர் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது.
ஓடைக்கு அந்தப் பக்கம்தான்
என் வீடும்.